தினமும் மூலிகை டீ குடிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு

மூலிகை டீ குடிக்கலாம் என்றிருக்கிறேன் என வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சித்தி ஆவாரம்பூ என்பார், பக்கத்து வீட்டு மாமா சீந்தில் என்பார், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏதோ பதினெட்டு மூலிகைப் பொடியின் விளம்பரம் வந்து விழும். எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்குத் தைராய்டு, எனக்கு நெஞ்செரிச்சல். மூன்று பேருக்கும் பொருந்துகிற ஒரே பொடியைத் தேடிக் கடை கடையாக அலைந்த பிறகுதான், அப்படி ஒன்று கிடையாது என்று புரிந்தது. யாருக்கு எது, எந்த நேரத்தில், என்ன செலவில் என்று மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்களாவது அலையாமல் இருக்கலாம்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். அஞ்சறைப்பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களை, சமையலில் போடுகிற அளவில், பெரும்பாலானவர்கள் தினமும் குடிக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருவதில் பாதி மருந்து. மருந்தை டீ மாதிரி குடிக்கத் தொடங்கும்போதுதான் தொல்லை வருகிறது.

1. பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுங்கள்

மூலிகை வாங்கும் முன் ஒரு ஃபைல் போடுங்கள். மூன்று காகிதம் போதும். இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு, ஒரு வாரம் எழுதி வைத்த ரத்த அழுத்தக் கணக்கு. பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c), சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ஈரல் எண்கள், ஹீமோகுளோபின் நான்கும் இருந்தால் நல்லது. தனியார் லேபில் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் முன்னே பின்னே ஆகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் காசு வாங்காமல் பார்ப்பார்கள். எந்த மாத்திரையும் சாப்பிடாத, நோய் நொடி இல்லாத இளவயதுக்காரர் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

டீ குடிக்க எதற்கு லேப் ரிப்போர்ட் என்று கேட்பீர்கள். இரண்டு மாதம் கழித்து உடம்பில் ஏதாவது மாறினால், முன்னால் எப்படி இருந்தது என்று காட்ட வேறு வழி இல்லை. மாத்திரைகளோடு மோதுவது இன்னொரு காரணம்:

சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதோடு ஆவாரம்பூ, வெந்தயம் போன்றவற்றைத் தினமும் குடித்தால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் அதுதான். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சொல்லாமல் மாத்திரையை நீங்களே குறைக்கவும் வேண்டாம்.

ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அதிமதுரம் ஆகாது. அதிலுள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றும். தொண்டைக்கு இதம் என்று பல ‘இருமல் டீ’ப் பாக்கெட்டுகளில் இதைத்தான் இனிப்புக்காகச் சேர்க்கிறார்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இஞ்சி, சுக்கு, மஞ்சள் ஆகியவற்றைக் குழம்பில் சாப்பிடும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காய்ச்சிச் சுண்டவைத்துத் தினமும் குடிப்பது வேறு கணக்கு.

கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சிறுநீரக நோயாளிகள் எதையும் தாங்களாகத் தொடங்க வேண்டாம். கேட்க ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு கிடையாது. சென்னைக்காரர்களுக்கு அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உண்டு. புறநோயாளிகள் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். ஃபைலை மறக்க வேண்டாம்.

2. எதற்காகக் குடிக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

‘ஆரோக்கியத்துக்கு’ என்று எழுதினால் கடைக்காரர் கையில் சிக்குவீர்கள். ‘சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது’, ‘நாளைக்கு ஐந்து பால் டீ குடிக்கிறேன், குறைக்க வேண்டும்’, ‘ராத்திரி காபி குடித்தால் தூக்கம் வருவதில்லை’. இப்படி எழுதுங்கள். வரி தெளிவாக இருந்தால் தேர்வும் சுருங்கிவிடும்.

வயிறு உப்புசத்துக்குச் சீரகம், சோம்பு, ஓமம். சளி பிடிக்கும் காலத்தில் துளசி, கற்பூரவல்லி, சுக்கு. மாலை டீக்கு மாற்றாகச் சுக்கு மல்லி. நெஞ்செரிச்சல் இருந்தால் சுக்கும் மிளகும் குறைத்து மல்லியும் சீரகமும் கூட்டுங்கள். புதினா வேண்டவே வேண்டாம். குளிர்ச்சி என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அது இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தி அமிலத்தை மேலே வரவிடும். எனக்கு யாரும் முதலில் சொல்லாத விஷயம் இது.

‘உடம்பு இளைக்க’ என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். எடை குறைக்கும் டீ என்று விற்கும் பல பாக்கெட்டுகளில் வேலை செய்வது நிலாவரை இலை, அதாவது சென்னா. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் விளைந்து உலகமெங்கும் ஏற்றுமதியாகும் நல்ல பேதி மருந்து அது. பேதியாகும்போது போவது நீரும் உப்பும்தான், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். தராசில் ஒரு கிலோ குறைந்ததைப் பார்த்து மகிழ்ந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததும் எண் திரும்ப ஏறும். மலச்சிக்கலுக்குக்கூட ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்துக்கு மேல் இதைத் தொடரக் கூடாது. மாதக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் குறையும், பிறகு அது இல்லாமல் குடல் அசையவும் மறுக்கும்.

கிரீன் டீயையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது தேயிலைதான், காஃபின் உண்டு. தூக்கத்துக்காக மாறுகிறவர்கள் இரவில் கிரீன் டீ குடிப்பதில் அர்த்தமில்லை.

3. தினசரிக்கு எது, மருந்துக்கு எது என்று பிரியுங்கள்

தினசரிக்கு: மல்லி விதை, சீரகம், சோம்பு, ஓமம், சுக்கு, ஏலக்காய், துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப் புல். இவற்றிலும் ஒரே பொருளை வருடம் முழுக்கப் பிடித்துக்கொண்டு தொங்காமல் வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொள்வது நல்லது.

அளவோடு, இடைவெளி விட்டு: ஆவாரம்பூ, செம்பருத்தி, சங்குப்பூ, ரோஜா மொக்கு, நன்னாரி, வெந்தயம். செம்பருத்தியில் ஒரு குழப்பம் இருக்கிறது. செம்பருத்தி டீ ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவப்புப் புல்லிவட்டம், அதாவது பூவின் அடியைச் சுற்றியிருக்கும் உறை. அமெரிக்காவில் 65 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நாளைக்கு மூன்று கப் வீதம் ஆறு வாரம் குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி குறைந்தது. அது அந்தச் செடி. நம் வாசலில் பூக்கும் ஐந்திதழ் செம்பருத்தி அதன் உறவுதான் என்றாலும் வேறு செடி, அந்த எண்ணை இதற்கு எடுத்து ஒட்ட முடியாது. குடிக்க இதமாக இருக்கிறது என்றால் குடியுங்கள், மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்காதீர்கள்.

மருந்தாக மட்டும்: நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர், சீந்தில், அதிமதுரம், நிலாவரை, கடுக்காய். நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு, கபசுரக் குடிநீரில் பதினைந்து. இரண்டும் காய்ச்சலுக்கான சித்த மருந்துகள். 2020இல் கொரோனா சமயத்தில் தெருத்தெருவாகக் கொடுத்ததால் பலர் அவற்றைக் காபி இடத்தில் வைத்துவிட்டார்கள். சீந்திலைத் தொடர்ந்து குடித்த சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, சீந்தில் போலவே இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. விவாதம் எப்படியும் போகட்டும், கொடியைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரியாத நாம் அதைத் தினமும் குடிக்க வேண்டிய அவசியம் என்ன?

‘காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய்’ என்று பாட்டைச் சொல்லி விற்பவர்கள் உண்டு. அந்தப் பாட்டிலேயே ‘மண்டலம் உண்டால்’ என்று வருகிறது. 48 நாள் என்பது வழக்கக் கணக்கு. சொன்னவர்களே கெடு வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள், விற்பவர்கள் அந்த இடத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

4. எங்கே வாங்குவது, என்ன விலை

மல்லி, சீரகம், சோம்பு, ஏலக்காய்க்கு மளிகைக் கடையே போதும். சுக்கு, ஆவாரம்பூ, ரோஜா மொக்கு போன்றவற்றுக்கு நாட்டு மருந்துக் கடை. சென்னையில் பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெருவில் வரிசையாக இருக்கின்றன. மற்ற ஊர்களில் பெரிய மார்க்கெட்டையோ கோயில் வீதியையோ சுற்றி ஒன்றாவது இருக்கும். ஆள் நடமாட்டம் உள்ள கடையில் சரக்கு சீக்கிரம் தீரும், அதனால் பழசு குறைவு.

முழுதாக வாங்குங்கள், பொடியாக வாங்காதீர்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கவும் முடியாது, வாசமும் சீக்கிரம் போய்விடும். சுக்கை உடைத்தால் உள்ளே நார் தெரிய வேண்டும், காரமான வாசம் வர வேண்டும். மேலே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு பூசியது போல் இருப்பதைத் தவிருங்கள். ஆவாரம்பூ மஞ்சளாக, காம்பும் குப்பையும் குறைவாக இருக்க வேண்டும். கறுத்துப்போயிருந்தால் வெயிலில் கருகியதோ ஈரத்தில் வீணானதோ, இரண்டில் ஒன்று.

காசில்லாமல் கிடைக்கிறதே என்று சாலையோரத்தில் பறிக்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நெடுஞ்சாலை ஓரத்துப் பூவில் வண்டிப் புகையும் தூசும் இருக்கும், வயல் ஓரத்துப் பூவில் பூச்சிமருந்து இருக்கலாம். இரண்டாவது இன்னும் பெரியது. மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரை அல்ல. மஞ்சள் அரளியும் மஞ்சள்தான், அது உயிரைக் குடிக்கிற விஷம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ பறித்துப் பழகியவர் கூட இருந்தால் மட்டும் போங்கள்.

விலை ஊருக்கு ஊர் மாறும். நான் வாங்கும் கணக்கில் மல்லி 100 கிராம் 20 முதல் 25 ரூபாய், சுக்கு 25 கிராம் 15 ரூபாய்க்குள், ஏலக்காய் ஆறு எண்ணினால் ஐந்து ரூபாய் வரும். மிளகு வீட்டிலேயே இருக்கும். 50 ரூபாய்க்குள் ஐம்பது டம்ளருக்குப் பொடி வந்துவிடும், டம்ளருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. 25 பை உள்ள மூலிகை டீப் பெட்டி 150 முதல் 300 ரூபாய் வரை போகிறது. ஒரு பைக்கு ஆறு முதல் பன்னிரண்டு ரூபாய். அலுவலகத்துக்கும் பயணத்துக்கும் வசதி என்பதைத் தவிர அதற்கு நியாயம் இல்லை. வாங்கினாலும் காகிதப் பையாகப் பாருங்கள். பளபளப்பான வலைப்பை பிளாஸ்டிக், கொதிநீரில் நுண்துகளை உதிர்க்கும்.

பாக்கெட்டில் வாங்கினால் பார்க்க வேண்டியவை: உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் உரிமத் தளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும், பாக்கெட்டில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சித்த மருந்து என்றால் மருந்து தயாரிப்பு உரிம எண், ஒவ்வொரு சரக்கின் அளவு, காலாவதித் தேதி மூன்றும் வேண்டும். உணவு உரிமத்தை வைத்துக்கொண்டு ‘சர்க்கரையை அடியோடு குணப்படுத்தும்’ என்று அச்சடித்திருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். உணவு என்று விற்பவர் அப்படிச் சொல்லவே கூடாது.

5. சுத்தம் செய்து பொடித்து வையுங்கள்

‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பார்கள். சுக்கின் தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு இடித்து வையுங்கள். மல்லியைக் கல், தூசு நீக்கி, வாசம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து ஆறவையுங்கள். 100 கிராம் மல்லிக்கு 25 கிராம் சுக்கு, அரை டீஸ்பூன் மிளகு, ஆறு ஏலக்காய். எல்லாம் சேர்த்து மிக்ஸியில் கொரகொரப்பாக ஓட்டினால் போதும். நைசாக அரைத்தால் வடிகட்டியில் நிற்காது, தொண்டையில் கரகரக்கும்.

ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியது மட்டும் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதிலும் பாதி. பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் கொட்டிவிடுங்கள், கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது பொய். பூஞ்சை விடும் நஞ்சில் சில கொதியிலும் அழியாதவை.

6. காய்ச்சும் முறை

விதை, வேர், பட்டை என்றால் கொதிக்க வைக்க வேண்டும். 250 மி.லி. தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி, மூடி போட்டுச் சிறுதீயில் ஐந்து நிமிடம், அப்புறம் வடிகட்டல். முழு விதையாகப் போட்டால் பத்து நிமிடம்.

பூ, இலை என்றால் கொதிக்கவிடக் கூடாது. அடுப்பை அணைத்த பிறகு வெந்நீரில் போட்டு ஐந்து முதல் ஏழு நிமிடம் மூடி வையுங்கள். துளசி என்றால் பத்து இலை, கற்பூரவல்லி மூன்று, காய்ந்த ஆவாரம்பூ ஒரு டீஸ்பூன். மூடி முக்கியம், இல்லாவிட்டால் வாசத்தோடு எண்ணெய்ச் சத்தும் ஆவியில் போய்விடும். சங்குப்பூவில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் நீலம் ஊதாவாக மாறும். பிள்ளைகளைக் குடிக்க வைக்க அது ஒன்று போதும்.

இனிப்பு வேண்டும் என்றால் கருப்பட்டி சேர்க்கலாம், ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிக்கு அதில் சலுகை எதுவும் இல்லை. தேனை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது.

கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. இரண்டு ஆற்று ஆற்றிவிட்டுக் குடியுங்கள்.

7. நேரத்தை மாத்திரையைச் சுற்றி அமையுங்கள்

‘காலையில் வெறும் வயிற்றில்’ என்றுதான் எல்லா வீடியோவும் தொடங்கும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு அது ஒத்துவராது. மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேறு எதுவும் குடிக்கக் கூடாது. மூலிகை டீயும் அதில் அடக்கம். அம்மா இப்போது ஆறு மணிக்கு மாத்திரை, ஏழரைக்குச் சீரக டீ என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது இரும்புச் சத்து. தேயிலை மட்டும்தான் உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது என்று நினைக்கிறோம். புதினா டீயும் சீமைச்சாமந்தி (கெமோமில்) டீயும்கூட அதைச் செய்கின்றன. ரத்தசோகை உள்ளவர்களும் இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம், மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

நாளைக்கு இரண்டு டம்ளர் போதும். ராத்திரி குடிப்பதாக இருந்தால் படுக்கப்போவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரி பாத்ரூம் போகத்தான் எழுந்திருப்பீர்கள். பால் டீயை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மறுநாளே தலைவலி வரும், அதை மூலிகை ஒத்துக்கொள்ளவில்லை என்று தப்பாக நினைத்துக் கைவிடுவீர்கள். காஃபின் நின்றதால் வரும் தலைவலி அது. வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் மாற்றுங்கள், முதலில் மாலை டீ.

புதுச் சரக்கு எதையும் தனியாக, அரை டம்ளரில் தொடங்கி ஒரு வாரம் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கைக் கலந்தால் அரிப்பு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

8. எப்போது நிறுத்த வேண்டும்

தோல் அரிப்பு, தடிப்பு, தொடர்ந்து வயிற்றுப்போக்கு, படபடப்பு வந்தால் அன்றே நிறுத்துங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் மஞ்சளாவது, காரணமில்லாமல் பசி செத்துப்போவது ஆகியவை ஈரல் சம்பந்தப்பட்டவை. காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள், குடித்த பொடியையும் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பெயர் மட்டும் சொன்னால் அவருக்கு உதவாது.

இரண்டு மாதம் கழித்து முதல் படியில் போட்ட ஃபைலைத் திறந்து, அதே பரிசோதனைகளை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதற்காகத் தொடங்கினீர்களோ அந்த ஒரு வரியில் மாற்றம் இல்லை என்றால் அந்த மூலிகைக்குச் செலவு செய்வதை நிறுத்தலாம். ருசிக்காகக் குடிப்பது உங்கள் இஷ்டம்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே எல்லா மூலிகைகளையும் நிறுத்திவிட்டு, என்னென்ன குடித்து வந்தீர்கள் என்று மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள். சேர்க்கை விண்ணப்பத்தில் ‘மருந்துகள்’ என்ற கட்டத்தில் மூலிகை டீயை யாரும் எழுதுவதில்லை, கேட்கவும் மாட்டார்கள். நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.